ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

அம்மாவின் மணிக்கட்டை மெல்லத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான் சுந்தரேஷ். கட்டிப்போட்ட தடம் ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றையும் காணோம்.

ராஜலக்ஷ்மி அசையவில்லை. பட்டப்பகலில் அப்படி ஒரு தூக்கம். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான், அதற்கு முந்தின ஞாயிறும் இதே கதைதான். தோளைத் தட்டி எழுப்பினால் கண்ணைப் பாதி திறந்து "வந்தியா" என்பாள், அதோடு சரி. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, உரித்த ஆரஞ்சைத் தானே தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அடுத்த கட்டில் பஞ்சாபி மாமியை வேறு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, அவிழ்த்துவிட்டால் எழுந்து நடந்து விழுந்துவிடுகிறார், வீட்டுக்காரர்களுக்கும் தெரியும் என்றாள் சிஸ்டர் லீலாம்மா. உங்கள் அம்மாவை நாங்கள் கட்டுவதே இல்லை என்று சமாதானமும் சொன்னாள். சரி, ஏன் இப்படித் தூங்குகிறாள் என்று கேட்டால், தூங்கட்டும் சார் என்று நழுவிவிட்டாள்.

அவனுக்கு ஜனக்புரியில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபிறகு, அவனும் மனைவி ரோஹிணியும் ஆபீசுக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் இந்த நர்சிங் ஹோமில் கொண்டுவந்து விட்டிருந்தான். குளிர்காலம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பேச்சு. குளிர் போய், வீட்டுக்கு வீடு கூலர் ஓடவும் ஆரம்பித்துவிட்டது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபைலைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை, வீட்டுக்கு வந்தால் சாதம் இறங்கவில்லை. வயசானவர்கள் தூங்குவதில் என்ன அதிசயம் என்று ரோஹிணி கேட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தான். மனசு கேட்காமல் ஆபீசில் பக்கத்து சீட் வைத்தியிடம் சொன்னான். அந்த மனுஷன் சும்மா இருப்பானா? எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினான்.

"மனுஷா பாக்க வர நாளாப் பாத்து மருந்து குடுத்துடுவா. முழிச்சிண்டிருந்தா அங்க நடக்கறதையெல்லாம் சொல்லிடுவாளே!"

அவ்வளவுதான். புதன்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை உதைத்தான்.

போன இடத்தில் வாசலிலேயே நின்றுவிட்டான். வராந்தாவில் ஜமா கூடிச் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவள் சாட்சாத் அவன் அம்மாதான். எதிரே இருந்த சர்தார்ஜி கள்ள ஆட்டம் ஆடிவிட்டார் என்று நல்ல கரோல்பாக் இந்தியில் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் முட்டியது.

ஆக, மற்ற நாளெல்லாம் முழிப்பு, பிள்ளை வரும் நாளில் மட்டும் மயக்கம். வைத்தி சொன்னது அப்படியே பலித்துவிட்டதே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனைப் பார்த்ததும் ராஜலக்ஷ்மியின் சிரிப்பு நின்றுபோயிற்று. "இன்னிக்கு ஞாயத்துக்கிழமை இல்லையேடா?" என்றாள். குரலில் அப்படி ஒரு பயம். பாவிகள், எப்படி மிரட்டி வைத்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே நேராக லீலாம்மாவிடம் போய் நின்றான்.

"ஞாயத்துக்கிழமையானா எங்கம்மாவுக்குத் தூக்க மாத்திரை குடுக்கறேளா, இல்லையா?"

லீலாம்மா மறைக்கவில்லை. "கொடுக்கிறது உண்டு சார்," என்றாள்.

டாக்டர் எழுதிக்கொடுத்ததுதான் என்று மேலே ஏதோ சொல்ல வந்தவளை அவன் எங்கே பேசவிட்டான்? போலீசுக்குப் போவேன், பேப்பரில் போடவைப்பேன், இந்த இடத்தையே இழுத்து மூடவைப்பேன் என்று கூப்பாடு போட்டான். ஆயாக்கள் கையில் பக்கெட்டோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். லீலாம்மா அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

ராஜலக்ஷ்மி வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"நீ யாருக்கும் பயப்படாதேம்மா. நாளைக்கே வேற நல்ல ஹோமாப் பாத்து உன்னைச் சேத்துடறேன். சொல்லு, அந்த மாத்திரையைக் குடுக்கச் சொன்னது யாரு?"

அம்மா அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நான்தாண்டா. முழிச்சிண்டிருந்தா, நீ கிளம்பறச்சே நானும் வரேன்னு அழுதுடுவேன்."