கேரவன் சுவரில் ஈரம்

"முப்பத்திரண்டு!" என்று கத்தினாள் க்ளெண்டா. "இருபதைத் தாண்டினாலே சுவரு அழுகுதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப உங்க மீட்டரே முப்பத்திரண்டு காட்டுது. இதுக்கு என்ன கதை வச்சிருக்கீங்க?"

விடுமுறைக்குக் காரில் மாட்டி இழுத்துப் போகும் கேரவனின் படுக்கைப் பக்கச் சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டரை நெவில் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். வண்டியை விற்ற கம்பெனியின் பட்டறைத் தலைவன் அவன். நவம்பரில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை இதே சுவரைப் பிரித்து மேய்ந்தவனும் அவன்தான்.

"கொஞ்சம் பொறுங்க கண்ணு..."

"கண்ணு, மூக்கெல்லாம் வேண்டாம். யார்க்ஷயர்ல இருக்கிற அத்தனை பேரையும் நீ அப்படிக் கூப்பிடுவ. எனக்கு மிஸஸ் ஆக்டன்னு பேரு இருக்கு."

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மா வீட்டை விற்று வந்த பங்கு மொத்தத்தையும் இந்த வண்டியில் கொட்டியிருந்தாள். வாரண்டி வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் இவர்களை மடக்கவில்லை என்றால் அழுகின சுவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

"இதுக்காக என் புருஷன் அரை நாள் லீவு போட்டுட்டு வந்து நிக்கிறாரு, பாரு!" என்று கதவுப் பக்கம் கையை நீட்டினாள்.

கதவருகே டெஸ், டை கட்டி, கையில் ஆபீஸ் பையோடு நின்றார். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வண்டியை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரரின் மைதானத்தில் வாடகைக்கு நிறுத்தி வைப்பது வழக்கம். அந்த மைதானத்து மழைச் சேற்றில் அவர் ஷூ முழுக்க நாறிப்போயிருந்தது.

"விடு க்ளெண்டா. ஈரம்தான. நானே துடைச்சு விட்டுர்றேன்."

"நீ சும்மா இரு. எதுக்கெடுத்தாலும் விடு, விடு! நீ விட்டு விட்டுத்தான் இவங்க நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

நெவில் மீட்டரைப் பையில் போட்டான். அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "வெளியில ஒரு மணி நேரம் ஹோஸ் பைப்புல தண்ணி பிடிச்சு அடிச்சாச்சு. ஒரு சொட்டு உள்ள வரல. நான் ஒட்டுன ஒட்டு கல்லு மாதிரி நிக்குது. போன வருஷ குளிர்காலத்துல இந்தத் தொல்லையே இல்லையே, அது எப்படி?"

"அப்ப தண்ணி ஆவியா வந்து உள்ள பூந்துச்சாக்கும்!"

"முதல்ல இந்த மெத்தையைப் பாருங்க. எல்லாத்தையும் இப்படிப் படுக்கப் போட்டு வச்சா ஈரம் ஏறாம என்ன செய்யும்? குளிர்காலத்துல சுவத்தை விட்டுத் தள்ளி நிமித்தி வைக்கணும்னு யாருக்குத்தான் தெரியாது?"

க்ளெண்டாவுக்குத் தலைக்கேறியது. பதினெட்டு வருடமாகக் கேரவன் வைத்திருப்பவளிடம் இவன் மெத்தைப் பாடம் நடத்துகிறான்!

"அக்டோபர்ல என் கையால ஒண்ணொண்ணா நிமித்தி வச்சேன். ஜனவரியில பட்டறையில இருந்து கொண்டாந்து விட்டது யாரு? உங்க ஆளுங்க மத்தியானம் தின்னுட்டு இதுமேல உருண்டிருப்பாங்க!"

"நான் கொண்டாந்து விட்டப்ப எல்லாம் நிமிந்துதான் நின்னுச்சு."

"பொய்! வாயைத் திறந்தா பொய்! இங்க பாரு, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு தெரியல, கோர்ட்டுக்குப் போவேன். அதுக்கு முன்னாடி இந்த வண்டியை இழுத்துட்டு வந்து உங்க கடை வாசல்ல நிறுத்துவேன். உள்ள காளான் விளையுதுன்னு பலகை எழுதி மாட்டுவேன். செய்வேனா மாட்டேனா?"

செய்வாள் என்பது நெவிலுக்குத் தெரிந்தது. வெளியே போய் மேனேஜரிடம் போனில் பத்து நிமிடம் பேசினான். கையில் ஒரு படிவத்தோடு திரும்பி வந்தபோது முகம் கசாயம் குடித்த மாதிரி இருந்தது.

"உங்களோட மல்லுக்கட்ட எங்களால ஆகாது. இதை எடுத்துக்கிட்டு புது வண்டி தரச் சொல்லிட்டாரு. ரெண்டு பேரு பேர்லயும் வண்டி இருக்கிறதால ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடணும்."

"என்ன எழுதியிருக்கு?"

"அக்டோபர்ல இருந்து இந்த வண்டிக்குள்ள யாரும் தங்கல, யாரும் அடுப்பு பத்த வைக்கல. அவ்வளவுதான். மூச்சுலயும் கெட்டில்லயும் வர்ற ஈரத்துக்கு வாரண்டி கிடையாது. எழுதிக் கொடுத்தது பொய்னு தெரிஞ்சா கம்பெனி கேஸ் போடும்."

"போடட்டுமே! பூட்டின வண்டியில பேயா வந்து டீ போட்டுக் குடிக்கப் போகுது?"

பேனா காகிதத்தைக் கிழிக்காத குறையாக அழுத்திக் கையெழுத்திட்டாள். ஆறு மாதச் சண்டை! போன் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியதெல்லாம் வீண் போகவில்லை. சந்தோஷத்தில் அவள் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா டெஸ்? நீ சொன்னமாதிரி விட்டிருந்தா கிடைச்சிருக்குமா? இந்தா, போடு. போட்டுட்டு ஆபீசுக்கு ஓடு."

டெஸ் காகிதத்தை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நெவில் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார் டெஸ்.

"வேலை போய் ஆறு மாசமாச்சு க்ளெண்டா, தினமும் காலையில கிளம்பி இங்கதான் வந்துட்டிருக்கேன்."