இருபது எண்ணும் நேரம்

பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து தம்பி வீடியோவில் கூப்பிட்டான்.

அவள் பரீட்சை அறைக்கு வெளியே, வராந்தாவின் ஓரத்துக்குப் போய் எடுத்தாள்.

தம்பி ஐசியூவுக்குள் போனை ஒளித்துக் கொண்டுபோயிருந்தான். படம் ஆடியது. அப்பாவின் கால், போர்வை, அப்புறம் முகம். வாயில் குழாய். நேற்றுச் சாயங்காலம் தலைக்குள் ரத்தம் கசிந்து விழுந்தவர்.

"மெஷினக் காட்டுலே."

காட்டினான்.

வென்டிலேட்டரில் நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு என்று வைத்திருந்தார்கள். பதினான்குதான் ஓடியது. அவராக இழுத்தது ஒன்றுகூட இல்லை. தூக்க மருந்து ஏதாவது ஏறுகிறதா என்று தேடினாள். ஏறவில்லை.

"கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல."

இங்கிலாந்துக்கு வந்து பதினோரு மாதமாக அவள் படித்தது இதைத்தான். ஐசியூவுக்கென்றே தனிப் படிப்பு. விழுந்து விழுந்து படித்ததற்கு நல்ல பலன். அப்பா இனி எழுந்திருக்கப் போவதில்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

படிப்பில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை. அதில் போன மாதம் ஒருமுறை தோற்றிருந்தாள்.

மருந்து, மெஷின் எல்லாவற்றிலும் நல்ல மார்க். கவிழ்த்தது வாய்.

கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. பக்கத்தில் அதன் மனைவியாக நடிக்க ஓர் அம்மாள். உன் புருஷன் பிழைக்கமாட்டான் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. அந்த அம்மாள் சம்பளத்துக்கு அழுகிறவள்தான், ஆனால் நன்றாக அழுவாள். கண்ணீரைப் பார்த்ததும் இவள் கை தானாகப் போய்விட்டது. தோளைப் பிடித்து, ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்.

இப்போது அப்பா படுத்திருக்கும் அதே ஐசியூவின் வாசலில், ஏழு வருடம் நர்ஸாக இருந்து அவள் எல்லோருக்கும் சொன்னதுதான் அது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஊசி போடப் பழக்கும் முன்னால் அதைத்தான் பழக்கினாள்.

தேர்வாளர் தாளில் 'பொய்' என்று எழுதினார். இன்றைக்கும் தோற்றால் மூன்றாவது தடவை கிடையாது. படிப்பு போய்விடும்.

அதனால் உருப்போட்டு வைத்திருந்தாள். சாவு என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. தொடக் கூடாது. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். அவர்கள் ஊர்ச் சட்டம் அப்படி. நல்ல சட்டம்தான், பொம்மைக்கு.

தம்பி வெளியே வந்து போனை அம்மாவிடம் கொடுத்தான்.

அம்மா வெறுங்காலோடு நின்றாள். நேற்று ஐசியூ வாசலில் கழற்றிய செருப்பை இன்னும் போடவில்லை.

"நீ இதுக்குத்தான படிக்க. ஒண்ணும் ஆகாதுல்லா, மக்ளே?"

ஆகாதும்மா என்றால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பத்து நிமிடம். இப்போது அந்தப் பொய் வாயில் ஏறினால் உள்ளேயும் அதுதான் வரும் என்று பயந்தாள். பயம்தான். அம்மாவுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்பதெல்லாம் பிற்பாடு அவளே தனக்குச் சொல்லிக்கொண்டது.

"அப்பா செத்துருவாங்கம்மா."

எண்ணினாள். ஒன்று. இரண்டு.

ஒன்பதில் படம் சாய்ந்தது. மேற்கூரை தெரிந்தது. யாரோ ஓடி வந்தார்கள். பிறகு அழைப்பு அறுந்துவிட்டது.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அந்த அம்மாள் போன தடவையைவிட நன்றாக அழுதாள். கையைக்கூட நீட்டினாள். இவள் தொடவில்லை. இருபது முடிந்து இன்னும் ஐந்து எண்ணினாள்.

தேர்வாளர் எழுந்து வந்து கைகொடுத்தார். இந்தத் தடவை ஒப்பித்ததுபோல் இல்லை, மனதிலிருந்து வந்தது என்று பாராட்டினார்.

அவள் நன்றி சொன்னாள்.

வராந்தாவுக்கு வந்து, தம்பி பேசி அனுப்பியிருந்ததைக் கேட்டாள்.

"அக்கா, அம்மை மயங்கி விழுந்துட்டா. பெனிலா சிஸ்டர்தான் தூக்கி உக்கார வச்சாங்க. நீ வேல பழக்கி விட்ட பிள்ளதான். தோளப் புடிச்சு, ஒண்ணும் ஆகாதும்மான்னு சொன்னாங்க. அதுக்குப் பொறவுதான் ஒரு வாய் தண்ணி குடிச்சா."

அதன் கீழே இன்னொன்று இருந்தது. அதையும் தட்டினாள்.

"அப்பா போயிட்டாங்க. கால் மணிக்கூர் ஆச்சு. அம்மைக்குத் தெரியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக்கிடலாம். நீ வாயத் தொறந்துராத."

போன் கையிலேயே அடித்தது. அம்மா.

எடுத்தாள்.

தண்ணீர் தெளித்த ஈரம் அம்மாவின் முகத்தில் இன்னும் காயவில்லை. பின்னால் பெனிலா நின்றாள். அவள் கை அம்மாவின் தோளில் இருந்தது.

"அந்தப் பிள்ள ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச்சு, மக்ளே. நீ தப்பாப் பாத்துட்ட. அப்பிடித்தான?"

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்த பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

பெனிலா போனுக்குள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கிவிட்ட அக்கா இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று அவளும் காத்திருந்தாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. எண்ணத் தொடங்கினாள்.

இருபது தாண்டியது. அம்மா இன்னும் கேட்டுக்கொண்டு நின்றாள்.