டேங்க்கின் மூச்சு

"குழாய் வாயை அடைச்சா பெட்ரோல் ஒழுகாதுன்னு நினைச்சேன், அவ்வளவுதான்," என்கிறான் கணவன், பைக்குக்கு அருகில் குத்துக்காலிட்டபடி.

"ஒழுகலதான். ஆனா நடு ரோட்டுல நின்னுச்சே. பின்னாடி லாரி வந்துச்சாம், பாப்பா சொன்னா." மகள் காதில் விழாதபடி மனைவி குரலை இறக்குகிறாள்.

காலை வெயில் மாடிப்படிக் கம்பிகளின் ஊடே வரிவரியாக விழுகிறது. டேங்க்குக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்கும்; அந்தக் காற்று போகிற ரப்பர் குழாய் இற்றுப்போய்ப் பாதியில் ஒடிந்து, எஞ்சினுக்கு நேர்மேலே நிற்கிறது. நேற்று அதன் வாயில் செருகிய தீக்குச்சியை அவன் இடுக்கியால் உருவுகிறான். இவ்வளவு நேரம் மூச்சடைத்துக் கிடந்த டேங்க் 'உஸ்' என்கிறது. ஒரு சொட்டு பெட்ரோல் எஞ்சின்மேல் விழுந்து, பார்க்கப் பார்க்க உலர்ந்துபோகிறது. அவள் ஓரடி பின்னால் நகர்கிறாள். புதுக் குழாயின் நுனியை வெந்நீரில் நனைத்து, விரல் வெளுக்க அழுத்தி ஏற்றுகிறான். கிளிப் மாட்டுகிறான். மறுநுனியை எஞ்சினுக்குக் கீழே தரை பார்க்கத் தொங்கவிட்டு, அடியில் செய்தித்தாளை விரிக்கிறான். இருவரும் தாளையே பார்க்கிறார்கள். நனையவில்லை.

"எப்படி நம்ம கைராசி?"

"நேத்தும் இதையேதான் கேட்டீங்க."

மகள் பள்ளிக்கூடப் பையோடு ஏறி டேங்க்கை ஒட்டி உட்கார்ந்து, "லேட்டாச்சுப்பா!" என்று ஹாரனை அமுக்குகிறாள். அவன் ஒரே உதையில் வண்டியை ஸ்டார்ட் செய்கிறான். சத்தம் சீராகத்தான் இருக்கிறது. மனைவியின் கை மட்டும் மகளின் பைவாரை விடாமல் பிடித்திருக்கிறது.

"ஏங்க, இன்னிக்கு ஒருநாள் அவளை நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா?"