குலுக்கிய ஸ்பிரிங்

ஒரு குடும்பக் காரில் ஒரு பழைய ஸ்பிரிங்கும் ஒரு கரகரத்த ஸ்பீக்கரும் இருந்தன. இரண்டையும் மாற்றிவிடுவது என்று காரின் சொந்தக்காரர் திருமாறன் முடிவுசெய்தார்.

“எனக்குத் தொண்டை போயிடுச்சு, சரி. உங்களை ஏன் மாத்தறாங்க அண்ணே?” என்றது ஸ்பீக்கர்.

“பள்ளம் வந்தா ஆளைக் கூரைக்கு அனுப்பறேனாம்.” பழைய இரும்புக் கடையை நினைத்தாலே ஸ்பிரிங்குக்கு நடுக்கம்.

புது ஸ்பிரிங் எப்படி இருக்கும் என்று பார்க்க, அதைப் போட்டிருந்த ஒரு நண்பரின் காரில் குடும்பமே வெள்ளோட்டம் போனது. கார் குலுங்கவே இல்லை. கைக்குழந்தை போகவர அழுது தீர்த்தது. சொந்தக் காரில் ஏறி, இரண்டு பள்ளம் தாண்டியதும் தூங்கிவிட்டது.

“ஸ்பிரிங் இருக்கட்டுங்க,” என்றாள் மனைவி பூங்கோதை.

“ஸ்பீக்கர்?”

“பாட்டு ஒண்ணுதான் குறைச்சல். பிள்ளை முழிச்சுக்கும்.”

“பிழைச்சோம் அண்ணே,” என்று கரகரத்தது ஸ்பீக்கர்.

“சத்தம் போடாதேடா,” என்றது ஸ்பிரிங், அடுத்த பள்ளத்துக்குத் தயாராகியபடி. “குழந்தை தூங்குது.”