கடைசி வண்டி
என் அலுமினியச் சாப்பாட்டு டப்பாவைச் சோதனைப் பாதைமேல் மறந்து வைத்தவன் நான்தான். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வில்ஃப் மின்சாரத்தைப் போட்டதும், பாதையில் பதித்த, உறுமும் கம்பிச் சுருள்களுக்கு மேலே டப்பா சற்று எழும்பி, சக்கரமில்லாமல் மிதந்து ஓடுகிறது. குறுக்கே பாயும் ஒரே காந்தப்புலம் தூக்கவும் செய்கிறது, தள்ளவும் செய்கிறது. இதே வித்தையை ஒரு ரயிலுக்குச் செய்துகாட்டத்தான் கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு நிலத்தில், இந்தக் கொட்டகையில் இத்தனை வருஷமாய் மாரடிக்கிறோம். டப்பா பாதையின் கோடியில் விழுந்து திறக்க, என் சீஸ் சாண்ட்விச் எண்ணெய்த் தரையில் சிதறுகிறது. "உன் ரயில்ல வந்த பயணிங்க எல்லாரும் காலி," என்கிறாள் மாதிரி வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஹில்டா. சொன்னவளுக்கே சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பாதை வரும் என்று நட்டுவைத்த கான்கிரீட் தூண்கள்மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. "லண்டன்ல நமக்குப் பணம் தர்றவங்ககிட்டேர்ந்து போன் வந்துச்சே, என்னதான் சொன்னாங்க?" காலையிலிருந்து நான் கேட்கும் அதே கேள்வி. "மொதல்ல ரொட்டியப் பொறுக்கு," என்கிறாள் ஹில்டா. வில்ஃப் மின்சாரத்தை நிறுத்துகிறார். உறுமல் அடங்கியதும் கூரைப் புறாக்களின் முனகல் கேட்கிறது. அவர் டப்பாவை எடுத்து, நசுங்கிய மூலையைக் கட்டைவிரலால் நிமிர்த்தி, என் கையில் தருகிறார். இன்னும் சூடாக இருக்கிறது. "மூடச் சொல்லிட்டாங்கப்பா. இந்தப் பாதையில ஓடின கடைசி வண்டி உன் டப்பாதான்."