கதவைத் தொடாதவர்

கார் நின்றதும் காவலாளி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

“கதவுல கை வெக்காதீங்க சார். அந்த ஷாக்கை நான் வாங்கிக்கறேன்.”

சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் தூக்கியபடி இறங்கினார். காற்று வறண்டதிலிருந்து, இறங்கும்போதெல்லாம் கார்க் கதவு அவர் விரலைச் சுரீரென்று கடித்துக்கொண்டிருந்தது. புதுக் காவலாளி வந்தபின் ஒருநாளும் இல்லை. வாசலின் கண்ணாடிக் கதவையும் அவரே திறந்து விடுவார்.

உள்ளே, காது கேட்கும் கருவி செய்யும் பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் சாரை இடுப்பில் வைத்துத் தூக்கி வருவார் என்றாள் ஒருத்தி. காவலாளி எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பார்சலைக்கூட, ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார். அதற்கும் சிரித்தார்கள்.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. சில வாரங்களாகத் தினமும் காலையில் நாலைந்து சர்க்யூட் போர்டுகள் செத்துக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு போர்டு போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

போன வருடமும் இப்படி ஆனது. மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் போர்டைத் தொடாதீர்கள் என்று மூன்றாம் மேசைப் பெண் அவரிடமே சொன்னாள். நான் என்ன மாடா, கட்டிப்போட, என்று கேட்டார். மறுநாளே, அவள் கைபட்டால் எதுவும் விளங்காது என்று எல்லார் முன்னாலும் சொல்லி வெளியே அனுப்பினார். அதன்பின் எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை.

இந்த முறை யாரை அனுப்பலாம் என்ற யோசனையோடு, தினமும் காலையில் செய்வதுபோல முதல் மேசைக்குப் போய் ஒரு போர்டைக் கையில் எடுத்தார். எதிரே முதலாளி நின்றிருந்தார். கூட, வெளியிலிருந்து வந்த ஒரு என்ஜினியர்.

என்ஜினியர் அவருடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு ஒரு மீட்டரை அருகே நீட்டினார். முள் கடைசிவரை ஓடியது. காரை விட்டு இறங்கும்போது கதவைத் தொட்டீர்களா என்று கேட்டார்.

“எங்க வாட்ச்மேன் தொட விடமாட்டார்” என்றார் சூப்பர்வைசர், கொஞ்சம் பெருமையாக.

“சீட்ல உரசி எந்திரிக்கறப்ப கரண்ட் உங்க உடம்புல ஏறுது. கதவைத் தொட்டா அங்கேயே இறங்கிடும். தொடலைன்னா உங்களோடயே உள்ள வந்து போர்டுல இறங்கும்.”

கையிலிருந்த போர்டைச் சோதித்தார்கள். செத்திருந்தது.

முதலாளி அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அரை மணியில் சூப்பர்வைசர் காருக்கு வந்தார். காவலாளி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

“உன் மரியாதையாலதான்யா என் பொழப்பே போச்சு. கதவைத் தொடக்கூடாதுன்னு எவன்யா உனக்குச் சொல்லிக்குடுத்தது?”

அவர் உள்ளே உட்காரும்வரை காவலாளி பொறுத்திருந்தார்.

“எம் பொண்ணு சார். மூணாம் மேசையில இருந்தா.”