பக்கத்தில் இருக்கும் டாக்டர்

அறையில் இருந்தவர்கள்: தேர்வு வைத்த டாக்டர் சௌந்திரவல்லி, இயந்திரத்தை இயக்கும் அந்தோணி, பயிற்சி மருத்துவர் தமயந்தி, மேசைமேல் அந்த இயந்திரத்தோடு இணைத்த பொம்மை நோயாளி. இந்தத் தேர்வில் தேறினால்தான் தமயந்தி நிஜ நோயாளியைத் தொடலாம். பொம்மையின் தொடை ரத்தக்குழாய் வழியே அவள் செலுத்திய கம்பி திரையில் இதயத்தை நெருங்கியபோது, பொம்மைக்குள் பதிவுசெய்திருந்த குரல் கேட்டது: "டாக்டர், பக்கத்துல இருக்கீங்களா?" இந்த ஊருக்கு வந்த நாள்முதல் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கம்பியை விட்டுவிட்டு பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பி நழுவி ரத்தக்குழாய் கிழிந்தது. திரை சிவந்தது.

"கையப் பிடிக்க ஊர்ல ஆளா இல்ல? கம்பியப் பிடிக்கத்தானம்மா நீ?" என்று சொல்லிவிட்டு சௌந்திரவல்லி பெயில் போட்டுக் கிளம்பினார்.

"பொம்மைக்கு ஒண்ணும் ஆகல, பட்டனத் தட்டினா பொழச்சுக்கும். அடுத்த ஆளு வரணும், கிளம்புங்க டாக்டர்" என்று அந்தோணி பட்டனைத் தட்டினான். தமயந்தி வாசலைத் தாண்டும்போது குரல் மறுபடி கேட்டது: "டாக்டர், பக்கத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். அதற்குள் அந்தோணி அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழிட்டுவிட்டான்.